கை படாத பக்கம்

ஜூன் 1, ஞாயிறு

என் பெயர் மாசானமுத்து. இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போய்விட்டது. ஆறிய டீயும் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 2, திங்கள்

முதியோர் வகுப்பு நடத்தும் ரெஜினா டீச்சர்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். தினமும் கண்ணில் படுவதை எழுதுங்கள், ஒரு வரி போதும் என்றார். உப்பளத்தில் காய்ந்து வெடித்த கை. பென்சில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் எழுத்து வருகிறது. பாத்தியில் உப்பு பூக்கிற மாதிரி. முதலில் ஒன்றும் இருக்காது, கொஞ்சம் கழித்துப் பார்த்தால் இருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

கண்ணில் பட்டது: காலையில் மருமகள் புஷ்பம் வண்டியைக் கழுவினாள்.

வண்டி என் மகன் இசக்கிராஜுடைய வாடகைக் கார். அவன் சவாரி முடித்து நேரம் கழித்து வந்து படுப்பான், எழுந்திருக்கும்போது வண்டி சுத்தமாக நிற்க வேண்டும். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் இரண்டு தண்ணீர். லாரியில் வருவது நல்ல தண்ணீர். அது குடிக்க, சோறு பொங்க. மற்ற எல்லாவற்றுக்கும் முற்றத்துப் போர்த் தண்ணீர். உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் அது வாயில் வைக்க முடியாது. குளிப்பது, துவைப்பது, வண்டி கழுவுவது எல்லாம் அதில்தான்.

புஷ்பம் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டு, சக்கரத்துக்கு உள்ளேயும் வண்டிக்கு அடியிலும் பீய்ச்சி அடிப்பாள். சேறு ஒரு பொட்டு இருக்காது. இன்று கதவில் என் முகம் தெரிந்தது. படித்தவன் முகம் மாதிரி இருந்தது.

எழுதும்போது பென்சில் கீழே விழுந்தது. என்னால் குனிய முடியாது. உப்பு மூட்டை சுமந்த இடுப்பு, வளைவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. புஷ்பம் வந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஜூன் 5, வியாழன்

பஸ்ஸில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை வாசித்தேன். நான் வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனேன்.

மகள் சந்தனமாரிக்குக் கல்யாணம் ஆவணியில். மாப்பிள்ளை சுயம்புலிங்கம், மெக்கானிக். இசக்கிராஜுடன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் வண்டியை அவன்தான் பார்க்கிறான். இன்று வந்து டீ குடித்துவிட்டுப் போனான். சந்தனமாரி மருந்துக்கடை வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்குத்தான் அவனுக்கு எங்கள் வீட்டு டீ ஞாபகம் வரும்.

ஜூன் 7, சனி

இன்று எழுத முடியவில்லை.

ஜூன் 9, திங்கள்

சனிக்கிழமை மத்தியானம் இசக்கிராஜ் விமான நிலையத்தில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பியிருக்கிறான். முன்பக்கம் இடது சக்கரத்தில் வெடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டி அவன் பேச்சைக் கேட்காமல் இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் மோதிவிட்டது. கால் பெடல்களுக்கு நடுவில் சிக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. உயிர் இருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றோம். நான் பலகையைப் பார்த்தேன். எலும்பு முறிவுப் பிரிவு. நானே வாசித்தேன், யாரிடமும் கேட்கவில்லை. வாசித்து முடித்ததும் மனசுக்குள் ஒரு சந்தோஷம். எங்கே நிற்கிறேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 11, புதன்

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். சுயம்பு ஷெட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். படுக்கையிலிருந்தே இசக்கிராஜ் போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதனால் வீட்டுப் பக்கத்துச் சந்தில், செங்கல்லை அண்டக் கொடுத்து, தார்ப்பாய் போட்டு நிற்கிறது.

பைபாஸில் கடை வைத்திருக்கும் அந்தோணி மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். இடது சக்கரத்துக்கு மேலே இருக்கிற பெரிய சுருள் ஸ்பிரிங் அடி வளையத்தில் உடைந்திருக்கிறது. உடைந்த முனை டயரைக் கிழித்திருக்கிறது.

“கடைசியா இதுல கை வச்சது யாரு?” என்று கேட்டார்.

“சுயம்பு. பொங்கலுக்கு இந்தப் பக்கம் ஷாக் அப்சார்பர் மாத்துனான்.”

“அப்ப ஸ்பிரிங்கக் கழட்டித்தான் மாட்டிருப்பான். கொக்கி போட்டு அழுத்துதப்ப பெயிண்ட் உரிஞ்சிருக்கும், துரு பிடிச்சிருக்கும். இல்லன்னா அதும் எடத்துல சரியா உக்காந்திருக்காது. மாட்டுனவன்ட்டதான் கேக்கணும்.”

புஷ்பம் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உடைந்த ஸ்பிரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரியில் அந்தோணி சொன்னதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“எங்கால ஒடச்சவன் கையில எந்தங்கச்சியப் புடிச்சுக் குடுக்கணுமோ?” என்றான் இசக்கிராஜ். “கல்யாணமும் கிடையாது ஒண்ணும் கிடையாது. அவன் வீட்ல சொல்லிருங்க.”

“பொறுலே. கால் சரியாவட்டும்.”

“கால் சரியானாலும் அதாம்ப்பா.”

சந்தனமாரி சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் நின்றாள். அவளுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரி. வரிசை. வெயில். மாத்திரைச் சீட்டில் டாக்டர் எழுதியதை வாசிக்கப் பார்த்தேன். நர்ஸம்மா சிரித்தார். “அத எங்களாலயே வாசிக்க முடியாது தாத்தா” என்றார். கொஞ்சம் தெம்பாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

இசக்கிராஜ் வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டுப் போட்ட காலை நீட்டி முன்னறைக் கட்டிலில் கிடக்கிறான். சும்மா கிடந்து பழக்கமில்லாதவன். வலி வேறு.

மத்தியானம் சோறு குழைந்துவிட்டது என்றான். தட்டு கை தவறி விழுந்தது. சாம்பார் எதிர்ச் சுவரில் பட்டிருக்கிறது. கட்டிலிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் ஒரு தட்டு எப்படித் தவறும் என்று எனக்குத் தெரியவில்லை. புஷ்பம் துடைத்தாள். சுவரில் மஞ்சள் கறை இருக்கிறது.

அவன் கை நீட்டுகிறவன் இல்லை. கோபம் வந்தால் கண் தெரியாது, அவ்வளவுதான். புஷ்பத்தின் அம்மா செத்த வருஷம் ஒரு நாள் அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டான். அம்மா வீட்டுக்குப் போ என்றான். அங்கே வீடே இல்லை என்பது அவனுக்கும் தெரியும். நான் போய்த்தான் கதவைத் திறந்தேன்.

இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. எழுத ஆரம்பித்தால் கை நிற்க மாட்டேன் என்கிறது.

ஜூன் 19, வியாழன்

ஏதாவது ஒன்றைப் பற்றிப் பெரிதாக எழுதி வாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வண்டி ஏன் உடைந்தது என்று எழுதிக்கொண்டு போனேன். அதற்காக எல்லாரிடமும் கேட்டேன். இந்த ஊரில் ஒரு ஸ்பிரிங் உடைவதற்கு இத்தனை காரணம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

டீக்கடை ராமையா ரோட்டைச் சொன்னார். உப்பு லாரிகள் தோண்டிப் போட்ட பள்ளத்தில் இறங்கி ஏறினால் யானைக் காலும் உடையும் என்றார். எதிர்வீட்டு சண்முகத்தாய் பாரத்தைச் சொன்னாள். கல்யாணச் சவாரிக்கு உள்ளே ஆளும் மேலே அண்டாவுமாக ஏற்றினால் எந்த வண்டி தாங்கும்? அவள் மாமியார் கண்ணேறு என்றாள். புதுச் சீட் உறை போட்டதை ஊரே பார்த்ததாம், முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் காய்ந்து போனதை மட்டும் யாரும் பார்க்கவில்லையாம். இப்போது வருகிற இரும்பே சரியில்லை என்று ஒருவர். இரும்புக்கும் வயசு உண்டு, மனுஷனுக்கு மூட்டு தேய்கிற மாதிரி என்று இன்னொருவர். அந்தோணி சொன்னதையும் எழுதினேன்.

டீச்சர் வாசித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கீங்க தாத்தா. நீங்க என்ன நினைக்கீங்கன்னு எழுதலையே” என்றார்.

“நான் எழுதத்தான டீச்சர் வந்தேன், நெனைக்கவா வந்தேன்” என்றேன்.

வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

முற்றத்தில் ஓஸ் பைப்பைக் காணோம்.

ஜூன் 21, சனி

ஓஸ் பைப் இருக்கிறது. சுருட்டிக் கட்டிக் கூரை மேல் போட்டிருக்கிறது. நம் வீட்டில் கூரை மேல் ஏறக்கூடியவர்கள் யார் என்று பார்த்தால் இசக்கிராஜ் இல்லை, நானும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

இசக்கிராஜ் தூங்கும் நேரமாகப் பார்த்துச் சந்துக்குப் போனேன். சக்கரம் கழற்றியிருப்பதால் நின்றபடியே கைக்கு எட்டியது. உடைந்த துண்டைத் தடவினேன். துரு வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக வந்தது. தகரத்தின் மடிப்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. பழக்கம். பாத்தியில் தண்ணீர் பக்குவம் ஆகிவிட்டதா என்று நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

விமான நிலையத்துக்குப் போகிற ரோட்டில் கடல் கிடையாது.

இன்று இவ்வளவு போதும். கை வலிக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

சுயம்பு ஷெட்டுக்குப் போனேன். அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. என்னைப் பார்த்ததும் உயரமான ஸ்டூலாகத் தேடிப் போட்டான். என் இடுப்பு அவனுக்குத் தெரியும்.

“ஏலே, இத்தன பேரு இத்தன சொல்லுதான், நீ ஒரு வார்த்த பேச மாட்டக்கியே?”

“என்னத்த பேச மாமா.”

“நான் ஒண்ணு கேக்கேன். வலது பக்கத்து ஸ்பிரிங்க நீ தொட்டியா?”

“இல்ல. அது கம்பெனில மாட்டுனது. எவன் கையும் படல.”

“அப்ப அதத் தொறந்து பாத்தா தெரிஞ்சு போகும்லா? அதுவும் அரிச்சுப் போயிருந்தா ஒங்கைல தப்பு இல்லன்னு ஆயிரும்.”

அவன் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“தொறக்காண்டாம் மாமா.”

“ஏன்?”

“தொறந்தா எம்பேரு போயிரும். ஆனா வேற ஒருத்தர் பேரு வந்து உக்காரும்.”

அவனே சொன்னான்.

“பொங்கலுக்கே மதினிட்ட சொன்னேன், அடியில அந்தத் தண்ணிய அடிக்காதீங்கன்னு. சேறோட நின்னா ஒங்க பிரண்டு கத்துவாரேன்னாங்க. அவங்களும் என்ன செய்வாங்க? இசக்கிட்ட நேராச் சொல்லிருக்கணும். சொன்னா அவங்களத்தான் வைவான்னு விட்டுட்டேன். அதுதான் நான் செஞ்சது.”

“இப்பயும் சொல்ல மாட்ட?”

“எனக்கு ஷெட்டு இருக்கு மாமா. கெட்ட பேரு எடுத்தாலும் நாலு பேரு வண்டி கொண்டாருவான். இவங்கள அவன் போன்னு சொன்னா எங்க போவாங்க?”

“அது சரி. எம்மவ எங்க போவா?”

அவன் அந்தத் துணியை மடித்து வைத்தான். எழுந்து வரும்போது, “மாமா, அந்த வெயில்ல நடக்காதீங்க, நான் கொண்டு விடுதேன்” என்றான். தெருமுனையிலேயே என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

ஜூன் 25, புதன்

களைப்பு. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

சந்தனமாரி வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“எப்பா, கல்யாண ரவிக்க தச்சு ஒரு வாரமாச்சாம். எடுத்துட்டுப் போகச் சொல்லி தையக்காரி ஆள் விடுதா. எடுக்கவா, வேண்டாமா?”

“ரெண்டு நாள் போகட்டும் தாயி.”

“ரெண்டு நாள்ல என்ன ஆவும்?”

“தெரியல.”

“அவரு கைல தப்பு இருந்தா எனக்கு வேண்டாம்ப்பா. அண்ணன் சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு. தப்பு இல்லன்னா மட்டும் சொல்லுங்க.”

அவளுக்குப் பின்னால் அடுக்களையில் புஷ்பம் இருந்தாள். அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. மறுபடி கேட்க நேரமாயிற்று.

ஜூன் 28, சனி

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. கண்ணில் பட்டதை எழுதத்தான் டீச்சர் சொன்னார். யோசனை கண்ணில் படவில்லை. அதனால் எழுதவில்லை.

ஜூன் 30, திங்கள்

இசக்கிராஜிடம் சொன்னேன். வண்டி எப்படியும் ரிப்பேர் ஆக வேண்டும், அந்தோணியை வரச் சொல்லி வலது பக்கத்தையும் திறந்து பார்த்துவிடலாம் என்றேன்.

“அது நல்லாத்தான நிக்கி. எதுக்கு?”

“நல்லா இருந்தா நல்லதுதான. சுயம்பு கை வச்ச பக்கம் போச்சு, வைக்காத பக்கம் நல்லாருக்குன்னு அவனையும் நிக்க வச்சு நாலு பேரு முன்னால காட்டிரலாம். அப்புறம் அவன் வீட்லயும் ஒரு வார்த்த பேச முடியாது.”

அவனுக்கு அது பிடித்திருந்தது. “எப்பா, எழுதப் படிக்கப் போனதும் வக்கீல் மாதிரிப் பேசுதீங்க” என்றான். வீட்டுக்கு வந்த பிறகு இன்றுதான் சிரித்தான்.

புஷ்பம் எனக்கு டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைக்கும்போது, “மாமா, அந்தப் பக்கம்…” என்று ஆரம்பித்தாள்.

“சீனி சரியா இருக்கு தாயி” என்றேன்.

ஜூலை 2, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். மெதுவாகத்தான் வரும்.

அந்தோணி வந்தார். சுயம்புவும் வந்தான். இசக்கிராஜை நாற்காலியில் வைத்துச் சந்துக்குத் தூக்கி வந்தோம். காலுக்கு ஒரு பெஞ்சு. சண்முகத்தாய் அவள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நின்றாள். முறத்தில் ஒன்றும் இல்லை. சந்தனமாரி வேலைக்குப் போகவில்லை. புஷ்பம் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தோணி ஒரு கை பிடிக்கச் சொல்லி சுயம்புவைக் கூப்பிட்டார்.

“நான் தொட மாட்டேன் அண்ணாச்சி” என்றான் அவன். “தொட்டா அதுக்கும் எங்கையத்தான் சொல்லுவான்.” இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“தெரிஞ்சா சரி” என்றான் இசக்கிராஜ்.

அந்தோணி வலது சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். விளக்கு கேட்டார். பிறகு ஷாக்கோடு சேர்த்து முழுவதையும் இறக்கி வெளியே வைத்தார். அடி வளையத்தில் அதே ஏடு ஏடான துரு. சுத்தியலால் லேசாகத்தான் தட்டினார். துரு உதிர்ந்த இடத்தில் ஒரு விரிசல், தலைமுடியை ஒட்டவைத்த மாதிரி.

“ஏ அப்பா” என்றார் அந்தோணி. “இதுவும் இந்தா அந்தான்னு நின்னுருக்கு. தம்பி, நான் அன்னைக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிடுதேன். இது மாட்டுனவன் தப்பு இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அரிச்சிருக்கு. உப்புத் தண்ணி. தெனமும் அடியில போயிருக்கு. இத யாரு கழுவுதது?”



இசக்கிராஜின் தலை பின்வாசல் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. புஷ்பம் நிலையை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்துவிட்டாள்.

“நான்தான்” என்றேன்.

இசக்கிராஜ் என்னைப் பார்த்தான். “நீங்களா?”

“நான்தான். விடியும் முன்ன முழிப்பு வந்துருது. உப்பளத்துக்குப் போன ஒடம்பு, சும்மா இருக்க மாட்டக்கு. நீ தூங்கிட்டுக் கெடப்ப. ஓஸப் புடிச்சு அடிச்சுவிட்டுருவேன். வண்டி பளபளன்னு இருந்தா ஒனக்குப் பிடிக்கும்லா.”

“அடியிலயுமா?”

“அடியிலயும்தான்.”

அப்போது வண்டி மேல் வைத்திருந்த ஸ்பேனர் சரிந்து என் காலடியில் விழுந்தது. பெரிய சத்தம். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அந்தோணி கையை நீட்டிக்கொண்டு, நான் எடுத்துக் கொடுப்பேன் என்று நின்றார். வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும். நான் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

புஷ்பம் வந்து குனிந்து எடுத்து அந்தோணியிடம் கொடுத்தாள். வந்த வழியே போய் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

இசக்கிராஜ் அந்த ஸ்பேனர் கிடந்த இடத்தைப் பார்த்தான். என் இடுப்பைப் பார்த்தான். பிறகு புஷ்பத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்குச் சொல் தெரியவில்லை, இன்னும் அவ்வளவு படிக்கவில்லை. நான் அவன் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டேன். கதவு என்றால் திறந்துவிடலாம். இதற்கு என்ன செய்வது?

“சரி” என்றான். பிறகு, “இனிமே நல்ல தண்ணில கழுவுங்க” என்றான். என்னிடம்தான் சொன்னான்.

அப்புறம் சுயம்புவிடம், “ஏ மாப்ளே, எதுக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்க? வந்து உக்காரு” என்றான்.

“ஒங்கால் வச்சுருக்க பெஞ்சு ஒண்ணுதான் இருக்கு” என்றான் சுயம்பு.

“அதுலதான் எடம் கெடக்கே.”

சுயம்பு போய் அந்தக் கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சண்முகத்தாய் வெறும் முறத்தை இரண்டு தடவை தட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஜூலை 3, வியாழன்

உடம்பு முழுக்க வலி. நேற்று நான் ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

ஜூலை 5, சனி

நான் எழுதிக்கொண்டிருந்தேன். இசக்கிராஜ் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்பா, ஒண்ணு சொல்லணும். ஆர்பர் ரோட்டு வேகத்தடையில முந்தின நாளே ‘டங்’குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. எறங்கிப் பாத்திருக்கணும். ஏர்போர்ட்டு சவாரி போயிருமேன்னு பாக்கல.”

“ம்.”

“அவன்ட்ட காட்டியிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பான்.”

“ம்.”

“இதையும் அதுல எழுதிருவீங்களோ?”

“கண்ணுல பட்டதத்தான்லே எழுதச் சொல்லிருக்காங்க. இது காதுல விழுந்தது.”

அவன் எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சுவரில்தான் மஞ்சள் கறை இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

சோறு இன்றும் குழைந்திருந்தது. தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

ரவிக்கை வந்துவிட்டது. சந்தனமாரிக்குக் கை இறுக்கமாம். இத்தனை நாளில் உடம்பு இளைத்துத்தான் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. புஷ்பம் தையலைப் பிரித்துவிட்டாள். இருவரும் உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. எதற்கு என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று சுயம்பு இரண்டு பக்கத்துக்கும் புது ஸ்பிரிங் போட்டுவிட்டான். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “பஞ்சு மெத்த மாதிரி இருக்கு மாமா” என்றான். நான் ஏறி உட்கார்ந்தேன். தெருமுனை வரைக்கும் போய் வந்தோம். வழியில் இருந்த எல்லாப் பலகைகளையும் சத்தமாக வாசித்தேன். அவன் பொறுமையாக, வாசிக்கிற வேகத்துக்கு ஓட்டினான். இசக்கிராஜ் கால் தேறும் வரைக்கும் சவாரியையும் அவனே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

ஜூலை 14, திங்கள்

சொன்ன சொல்லுக்கு ஏற்ப விடியும் முன்னே எழுந்தேன். இனி தினமும் நான்தான் வண்டி கழுவ வேண்டும். வேறு வழியில்லை.

புஷ்பம் எனக்கு முன்னே எழுந்திருந்தாள். நல்ல தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். எதிர்வீட்டு சண்முகத்தாய் கோலம் போட வந்தவள் கோலப்பொடியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“மாமா, குடிக்கத் தண்ணியில்லாம நாங்க லாரிக்கு நாயாப் பேயா நிக்கோம். ஒங்க காருக்கு நல்ல தண்ணி கேக்குதோ?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

“அதுக்கு உப்பு ஆகாதாம். டாக்டர் சொல்லிட்டாரு” என்றேன்.

புஷ்பம் குடத்தைப் பிடித்தபடியே சிரித்தாள், தண்ணீர் கொஞ்சம் அலம்பிவிட்டது. பிறகு மெதுவாக, “மாமா, அடியில நான் பாத்துக்கிடுதேன், நீங்க மேலாப்ல தொடைங்க” என்றாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். வண்டிக் கதவில் ஒரு நீளமான மூங்கில் கம்பு சாத்தியிருந்தது. நுனியில் பழைய துணியைப் பந்தாகச் சுற்றி, நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்தேன். வண்டி மேல் சாமான் கட்டும்போது இசக்கிராஜ் போடுகிற முடிச்சு. கட்டிலில் கிடந்தபடியே கட்டியிருக்கிறான்.

கம்பைக் கையில் எடுத்தேன். புஷ்பம் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துவிட்டாள். நின்ற இடத்திலேயே நின்று, சக்கரத்துக்குப் பின்னால் விட்டுப் பார்த்தேன்.

குனியாமலே எட்டியது.